போன்தானே, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரலாமே?

தைப்பூசத்தன்று காலை, சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலில், டேங்க் ரோட்டு முருகன் கோயிலுக்கு மாமாவின் காவடி கிளம்பக் காத்திருந்தோம். அத்தைக்கு முகமே சரியில்லை. மகன் வரவில்லை. தேசிய சேவையில் இருக்கும் அவனுக்கு அன்று முகாமில் டூட்டி. தீபாவளியாக இருந்தால் சீன நண்பர் யாராவது மாற்றிக்கொண்டிருப்பார், சீனப் புத்தாண்டுக்கு இவன் அவருக்காக நின்றிருப்பான். தைப்பூசம் சிங்கப்பூரில் பொது விடுமுறை கிடையாது. பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான்.

"என்ன டூட்டின்னு கேட்டா, ஒரு போனைப் பாத்துக்கணுமாம். போன்தானேப்பா? வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வரக்கூடாதா? டேங்க் ரோடு வரைக்கும் அப்பாகூட நடந்துக்கிட்டே பேசிட்டு வருவான்ல?" என்றார்.

மேளச் சத்தத்தில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நானும் அதே சேவையில் அதே மாதிரி ஒரு போனை வைத்துக்கொண்டு பல இரவுகள் உட்கார்ந்திருந்தவன். அந்தப் போன் எதற்கு என்று எங்கள் வீட்டிலும் கடைசிவரை யாருக்கும் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். கண்விழிக்க வைக்கும் தண்டனை என்று சிலர் நினைக்கிறார்கள். தப்பு செய்தவனுக்குக் கூடுதல் டூட்டி போடுவது உண்டு என்பதால் இந்த இரண்டாவது எண்ணம் நன்றாகவே வேரூன்றிவிட்டது. இரண்டுமே சரியில்லை.

ராணுவம் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: சிங்கப்பூரில் 1967 முதல் கட்டாய தேசிய சேவை இருக்கிறது. இளைஞர்கள் இரண்டு ஆண்டு முழுநேரமாக ராணுவத்திலோ போலீஸிலோ குடிமைத் தற்காப்புப் படையிலோ இருக்க வேண்டும். நான் சொல்லப்போவது ராணுவத்தைப் பற்றி. மற்ற நாடுகளின் படைகளிலும் இதன் அடிப்படை இதுதான்.

நிறைமாத வீடு

வீட்டில் ஒரு பெண்ணுக்கு நிறைமாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி எப்போது வரும் என்று தெரியாது. இன்று ராத்திரியே வரலாம், இன்னும் பத்து நாளும் ஆகலாம். அந்த வீட்டு ஆள் என்ன செய்கிறார்? வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், தூங்கவும் செய்கிறார். ஆனால் போனை சைலண்டில் போடுவதில்லை. சார்ஜ் இறங்க விடுவதில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரிப் பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று முன்பே பேசி வைத்திருக்கிறார். இந்த நிலைக்குப் பெயர்தான் ஆன்-கால். அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் வேலையில் இறங்கத் தயாராக இருப்பது.

பார்ப்பவர் கண்ணுக்கு அவர் எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் அவர் எங்கே போகலாம், எவ்வளவு அயர்ந்து தூங்கலாம் என்பதையெல்லாம் அந்த வலிதான் முடிவு செய்கிறது. மணி அடித்த பிறகு செய்யும் வேலையை எல்லோரும் பார்க்கிறார்கள். அடிக்காத நேரத்தின் கட்டுப்பாடு யார் கண்ணிலும் படுவதில்லை. ஆன்-கால் என்பதில் பெரும்பகுதி அதுதான்.

அந்தப் போன் யாருடையது?

அடுத்த குழப்பம் இது. "அவனுக்குத்தான் சொந்தமா போன் இருக்கே, எதுக்குத் தனியா இன்னொன்னு?"

23ஆம் எண் பேருந்தை நினைத்துப் பாருங்கள். இன்று ஓட்டுகிறவர் வேறு, நாளை ஓட்டுகிறவர் வேறு. நமக்கு அவர்கள் பெயர் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 23 வரும், ஏறிக்கொள்ளலாம், அவ்வளவுதான். டூட்டி போனும் அப்படித்தான். அதன் எண் ஓர் ஆளுக்கு உரியது இல்லை, ஒரு பொறுப்புக்கு உரியது. மேலிடத்துக்கும், வாசல் காவலுக்கும், விடுப்பில் போன வீரரின் அம்மாவுக்கும் ஒரே ஓர் எண் தெரிந்தால் போதும். இன்று பட்டியலில் யார் என்று தேட வேண்டியதில்லை. அதனால்தான் அதை எடுக்கும்போது சொந்தப் பெயரை முதலில் சொல்வதில்லை. "டூட்டி கிளார்க்" என்றோ "டூட்டி ஆபீசர்" என்றோதான் ஆரம்பிக்க வேண்டும். டூட்டி ஆபீசர் என்றால், அலுவலக நேரம் முடிந்த பிறகு முகாமின் சார்பில் முடிவெடுக்க அன்றைக்கு நியமிக்கப்பட்டவர். போனை எடுப்பவரும் அவரும் ஒரே ஆளாக இருக்கலாம். பெரிய முகாம்களில் பெரும்பாலும் இருவர்: எடுப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர்.

என் காலத்துப் போன் இன்னும் கண்ணில் நிற்கிறது. கேமரா இல்லாத சின்னப் பொத்தான் போன், ஏனென்றால் அப்போது முகாமுக்குள் கேமராவுக்குத் தடை இருந்தது. முதுகில் வெள்ளை ஸ்டிக்கர், அதில் மார்க்கர் பேனாவால் எழுதிய எண், அது பாதி அழிந்து மறுபடி மேலேயே எழுதப்பட்டிருக்கும். ஐந்தாம் எண் பொத்தானை அழுத்தி அழுத்தி அதில் இருந்த ஐந்தே காணாமல் போயிருந்தது. சார்ஜர் ஒயரை யாரும் இரவல் வாங்கிப் போய்விடாமல் மேசைக்காலோடு டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் கட்டையான அட்டை போட்ட லாக் புக். நேரம், யார், என்ன, என்ன செய்யப்பட்டது, கையெழுத்து என்று ஐந்து கட்டங்கள். வந்த ஒவ்வோர் அழைப்பும் அதில் ஏற வேண்டும்.

இதுவரை பார்த்தது இதுதான். ஆன்-கால் என்பது குறித்த நேரத்துக்குள் வேலையில் இறங்கும் தயார்நிலை. டூட்டி போன் என்பது அந்தப் பொறுப்பின் முகவரி. ஆள் மாறுவார், எண் மாறாது.

"குறித்த நேரம்" என்பது எவ்வளவு?

அத்தை கேட்டதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

எல்லா ஆன்-காலும் ஒன்று கிடையாது. அழைப்பு வந்ததிலிருந்து வேலையில் இறங்குவதற்குள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. இதைக் கிளம்பும் அவகாசம் என்று சொல்லலாம். அவகாசம் ஆறு மணி நேரம் என்றால் வீட்டில் படுக்கலாம், காவடிக்கும் வரலாம். ஒரு மணி நேரம் என்றால் முகாமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், டாக்ஸி கிடைக்காத மழை ராத்திரியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு. ஐந்து நிமிடம் என்றால் பூட்ஸைக் கழற்றக்கூட யோசிக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள 1940 கோடையின் பிரிட்டன் நல்ல உதாரணம். ஜெர்மன் விமானங்கள் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிவரச் சில நிமிடங்களே ஆகும். அதனால் போர் விமானிகளின் தயார்நிலையைப் படிகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். விடுவிக்கப்பட்டவர் என்றால் ஊருக்குள் போகலாம். அடுத்த படியில் இருப்பவர் கால் மணி, அரை மணிக்குள் மேலே கிளம்ப வேண்டும். அதற்கடுத்த படியில் ஐந்து நிமிடம். விமானத்துக்குப் பக்கத்துக் குடிசையில் உயிர்காப்பு ஜாக்கெட்டோடு சாய்வு நாற்காலியில் கிடப்பார்கள். கடைசிப் படியில் விமானத்துக்குள்ளேயே பெல்ட் மாட்டி உட்கார்ந்திருப்பார்கள், இரண்டு நிமிடத்தில் பறக்க. அந்தக் குடிசையில் ஒரு தொலைபேசி இருக்கும். அது அடித்தால் சாப்பாடு வந்திருக்கிறது என்று சொல்வதற்காகவும் இருக்கலாம், உயிரைப் பணயம் வைக்கும் உத்தரவாகவும் இருக்கலாம். போர் முடிந்து பல வருடம் கழித்தும் தொலைபேசி மணி கேட்டால் வயிற்றைப் பிசைந்ததாக அந்த விமானிகளில் பலர் சொல்லியிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்ததாக யாரும் அவர்களைச் சொல்ல மாட்டார்கள்.

அத்தை மகனின் டூட்டி அந்த அளவுக்கு உயிர்ப் பிரச்சினை இல்லைதான். ஆனால் அவன் அவகாசமும் நிமிடக் கணக்கில்தான். வாசலில் ஆம்புலன்ஸை உள்ளே விட வேண்டுமானால், பூட்டிய அறையின் சாவி வேண்டுமானால், இன்று முகாமில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்ற பட்டியல் வேண்டுமானால், அதெல்லாம் அந்த அறையில்தான் இருக்கிறது. போன் ஒரு முனைதான். மறுமுனை சாவிப்பெட்டியும் பட்டியலும் லாக் புக்கும். போனை மட்டும் பிரித்து டேங்க் ரோட்டுக்கு எடுத்து வந்தால், கூப்பிடுகிறவருக்குக் குரல் கேட்கும், காரியம் நடக்காது. இன்னொன்றும் உண்டு. எந்தப் பிரிவு, எத்தனை பேர், எங்கே என்பதையெல்லாம் காவடிக் கூட்டத்துக்கு நடுவே உரக்கப் பேசவும் முடியாது.

போனை வீட்டுக்கு எடுத்துப்போகிற டூட்டிகளும் இருக்கவே செய்கின்றன. வாகனம் பழுதானால் கூப்பிட வேண்டிய தொழில்நுட்பர், அழைத்தால் வந்து பார்க்கும் டாக்டர் போன்றவர்கள் அப்படி இருப்பார்கள். இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் "அவனை மட்டும் விட்டாங்க, இவனை ஏன் விடல?" என்ற மனத்தாங்கல் வருகிறது.

மணி அடித்த பிறகு

நானே ஒருமுறை தவறியதைச் சொல்ல வேண்டும். புதிதாக டூட்டி ஏற்ற காலம். ராத்திரி இரண்டேமுக்கால் மணி இருக்கும். போன் அடித்தது, எடுத்தேன். ஒரு வயதான குரல். அவருடைய மகனின் தாத்தா இறந்துவிட்டார், மகனுக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவன் போன் எடுக்கவில்லை. "சரி அங்கிள், சொல்லிடறேன்" என்றேன். மறுபடி கண்விழித்தபோது மணி ஆறு. யாரோ ஒருவரின் தாத்தா என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. பெயரைச் சொன்னாரா, நான் கேட்டேனா, தெரியவில்லை. வந்த எண்ணைத் திரும்ப அழைத்தேன், ஆஸ்பத்திரியின் பொது எண் வந்தது. ஒவ்வொரு படுக்கையறையாகப் போய் எழுப்பிக் கேட்டு அந்தப் பையனைக் கண்டுபிடித்தபோது ஏழு தாண்டிவிட்டது. நாலு மணி நேரம் முன்பே அவன் தாத்தாவிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவன் என்னைத் திட்டவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

பிறகுதான் எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, தூக்கத்திலிருந்து திடீரென்று எழுந்தால் மூளை உடனே முழுதாக விழிப்பதில்லை. கண் திறந்திருக்கும், வாய் பேசும், ஆனால் நினைவும் நிதானமும் வந்துசேரக் கால் மணி, அரை மணிகூட ஆகலாம். இந்தத் தூக்கக் கலக்கம் எல்லோருக்கும் உள்ளது, பொறுப்பில்லாதவர்களின் நோய் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு, ராணுவத்தின் போன் நடைமுறை முழுக்க இந்தக் கலக்கத்தை மனதில் வைத்தே அமைந்திருக்கிறது.

எப்படி? கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஐயா, நீங்க சொன்னது இது: இன்னார் மகன், இந்தப் பிரிவு, தாத்தா காலமாயிட்டார், உங்களைத் திரும்பக் கூப்பிட வேண்டிய எண் இது, சரியா?" இதற்குத் திருப்பிச் சொல்லல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தப்பாகக் கேட்டிருந்தால் அங்கேயே பிடிபடும். சொல்லும்போதே எழுத வேண்டும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றால் அந்த அப்புறம் வராது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை படுக்கக் கூடாது. மளிகைக் கடையில் கணக்குப் பிள்ளை, "ரெண்டு கிலோ அரிசி, அரை கிலோ பருப்பு, ஒரு சீயக்காய், சரிதானே?" என்று திருப்பிக் கேட்பாரே, அதே காரியம்தான்.

லாக் புக்கை நான் முதலில் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். அது என் கலங்கிய மூளைக்குப் பதிலாக விழித்திருக்கும் இன்னொரு மூளை.

செய்தி கையில் செத்துவிடக் கூடாது

வரும் அழைப்பு எல்லாமே அவசரம் கிடையாது. பழகிவிட்டால் மூன்று வகையாகத் தெரியும். குறித்துக்கொண்டால் போதும் என்கிற வகை. முடிவெடுக்கக் கூடியவரிடம் கொண்டுபோக வேண்டிய வகை. முதலில் செயல், பிறகுதான் தகவல் என்கிற வகை. தீப்பிடித்தால் சிங்கப்பூரில் 995ஐத்தான் முதலில் அழைக்க வேண்டும், மேலதிகாரியை அதற்குப் பிறகு எழுப்பலாம்.

பெரும்பாலான தவறு நடப்பது நடு வகையில். டூட்டி போன் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் தீர்த்துவைக்க வேண்டும் என்று வெளியில் நினைக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பையனால் அது முடியாது, யாரும் அவனிடம் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. அவன் வேலை, தீர்க்கக் கூடியவரிடம் செய்தியைக் கொண்டுசேர்ப்பது. அவர் எடுக்காவிட்டால் அவருக்கு மேலே, அவரும் இல்லையென்றால் அதற்கு மேலே. கையில் வந்த செய்தி கையிலேயே செத்துவிடக் கூடாது.

இதைச் சொன்னால் சுலபமாகத் தெரியும். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு மேஜரை எழுப்புவதென்றால் கை தயங்கும். "சின்ன விஷயமாக இருந்தால் திட்டுவாரே, காலையில் சொல்லிக்கொள்ளலாமே" என்று மனம் சமாதானம் தேடும். அந்தச் சமாதானத்துக்கு வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஹவாயின் ஓவாஹு தீவின் வடக்கு முனையில் ஓபானா என்ற இடத்தில் அமெரிக்கத் தரைப்படையின் ரேடார் ஒன்று இருந்தது. அதில் இருந்தவர்கள் ஜோசப் லாக்கர்ட், ஜார்ஜ் எலியட் என்ற இரண்டு சிப்பாய்கள். அவர்கள் டூட்டி காலை 7 மணியோடு முடிந்துவிட்டது. சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டிய லாரி வரத் தாமதமானதால், பழகிக்கொள்ளலாம் என்று கருவியை அணைக்காமல் வைத்திருந்தார்கள். 7.02க்குத் திரையில் மிகப் பெரிய புள்ளி ஒன்று தெரிந்தது. வடக்கே 130 மைலுக்கும் அப்பாலிருந்து ஒரு பெரும் விமானக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. எலியட் தகவல் மையத்துக்குப் போன் செய்தார். அங்கே பெரும்பாலானோர் சாப்பிடப் போய்விட்டார்கள். சுவிட்ச்போர்டில் இருந்த சிப்பாய் தேடிப்பிடித்துக் கூப்பிட்டது லெப்டினன்ட் கெர்மிட் டைலர் என்ற விமானியை. அந்த மையத்தில் அவருக்கு அது இரண்டாவது முறைதான். கலிபோர்னியாவிலிருந்து அன்று வரவிருந்த அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள்தான் இவை என்று அவர் ஊகித்தார். "கவலைப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

வந்துகொண்டிருந்தவை ஜப்பானிய விமானங்கள். சுமார் 7.55க்குப் பேர்ல் துறைமுகத் தாக்குதல் தொடங்கியது. அன்று இறந்த அமெரிக்கர்கள் 2,403 பேர்.

டைலரை மட்டும் குற்றவாளியாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு முறையான பயிற்சி கொடுக்கப்படவில்லை. சந்தேகம் வந்தால் யாரை எழுப்ப வேண்டும் என்று யாரும் தெளிவாகச் சொல்லி வைக்கவில்லை. இன்னொரு உண்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீவிலிருந்த தரைப்படையின் போர் விமானங்களுக்குக் கிளம்பும் அவகாசம் அன்று நாலு மணி நேரம். டைலர் போனை எடுத்தபோது மீதமிருந்தது ஏறத்தாழ 35 நிமிடம். ரேடார் சரியாக வேலை செய்தது, இரண்டு சிப்பாய்களும் சரியாக வேலை செய்தார்கள், மணி அடித்தது, எடுக்கவும்பட்டது. ஆனால் எடுத்தவருக்குப் பின்னால் எதுவும் தயாராக இல்லை. டூட்டி போன் என்பது கருவியைவிட அதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடுதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே கொஞ்சம் நின்று சேர்த்துப் பார்த்துக்கொள்வோம். அவகாசம் எவ்வளவு என்பதே ஆள் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. வந்த செய்தி திருப்பிச் சொல்லப்பட்டு எழுதப்பட வேண்டும். தீர்க்க முடியாததை மேலே கொண்டுபோக வேண்டும், எழுப்பத் தயங்காமல்.

ஒரு போன் எண்பது பேரை எழுப்புவது எப்படி?

சில சமயம் ஒரு பிரிவு முழுவதையும் வீட்டிலிருந்து திரும்ப அழைக்க வேண்டியிருக்கும். இதை ரீகால் என்பார்கள். டூட்டியில் இருப்பவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் என்ன ஆகும்? 84 பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 168 நிமிடம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அதனால் சங்கிலி முறை. அவர் நாலு பேரைக் கூப்பிடுவார். அந்த நாலு பேர் ஆளுக்கு நாலு பேரை, மொத்தம் 16. அந்த 16 பேர் மறுபடி ஆளுக்கு நாலு பேரை, 64. நாலும் பதினாறும் அறுபத்துநாலும் சேர்ந்தால் அதே 84 பேர். ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டு நிமிடம், மூன்று சுற்றுக்கு 24 நிமிடம். ஊரில் ஒரு சாவுச் செய்தி பரவும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இதில் யாரோ ஒருவர் போன் எடுக்காவிட்டால் அவருக்குக் கீழே உள்ள கிளை முழுக்கத் தூங்கும். ஆகவே செய்தி கீழே போவதோடு நிற்பதில்லை, "சொல்லிவிட்டேன்" என்ற பதிலும் மேலே திரும்பி வர வேண்டும். பதில் வராத கிளையை மேலே இருப்பவரே நேரில் கூப்பிடுவார். இப்போது குறுஞ்செய்தியில் எல்லோருக்கும் ஒரே நொடியில் அனுப்பிவிடலாம். அனுப்புவது சுலபமானதே தவிர, யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

முழுநேர சேவை முடித்தவர்களுக்கும் இது உண்டு. வேலை, குடும்பம் என்று ஆனபிறகும் பத்து ஆண்டுச் சுற்றுக்கு, ஆண்டில் 40 நாள்வரை, சேவைக்கு அழைக்கப்படலாம். அவர்களை ஒட்டுமொத்தமாகத் திரட்டும் பயிற்சியும் நடக்கும். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பிரிவுகளின் சங்கேதப் பெயர்கள் ஓடுமே, அது வெளிப்படையான அணிதிரட்டல். போனிலும் குறுஞ்செய்தியிலும் மட்டும் அழைப்பது அமைதியான அணிதிரட்டல். டிவியில் ஏதோ புரியாத சொற்கள் ஓடும்போது சித்தப்பா சட்டென்று எழுந்து அலமாரியில் பச்சைச் சீருடையைத் தேடியது பலர் வீட்டில் நடந்திருக்கும்.

மதுரையிலிருந்து வந்த விமானம்

இதெல்லாம் உண்மையில் எப்போது தேவைப்படும் என்று கேட்பவர்களுக்கு நம் ஆட்கள் சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்ச்சியே இருக்கிறது. 2024 அக்டோபர் 15 இரவு, மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் வெடிகுண்டு இருப்பதாக மின்னஞ்சலில் மிரட்டல் வந்தது. சிங்கப்பூர் ஆகாயப்படையின் இரண்டு எஃப்-15 போர் விமானங்கள் உடனே மேலே கிளம்பின. இப்படி அழைப்பு வந்ததும் அவசரமாகப் பறந்து எழுவதை ஸ்கிராம்பிள் என்பார்கள். மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளைத் தவிர்த்து அந்த விமானத்தை அவை கூட்டிக்கொண்டு போயின. தரையில் வான் தற்காப்பு அமைப்புகளும் வெடிகுண்டு அகற்றும் குழுவும் தயாராக்கப்பட்டன. இரவு பத்து மணி வாக்கில் விமானம் சாங்கி விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கியது. மிரட்டல் பொய்.

விமானி மேலே போனது செய்தியில் வந்தது. நான் யோசித்தது வேறு: அந்த ராத்திரி எத்தனை மேசைகளில் எத்தனை போன்கள் அடித்திருக்கும், எத்தனை பேர் கேட்டதைத் திருப்பிச் சொல்லி எழுதியிருப்பார்கள் என்று. அந்த விமானத்தில் தீபாவளிக்கு முறுக்கும் புடவையும் கொண்டுவந்தவர்கள் இருந்திருக்கக் கூடும்.

எல்லா அழைப்பும் ஓட்டமாக முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா பகுதிக் கட்டுமானத் தளத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து 100 கிலோ குண்டு ஒன்று கிடைத்தது. ராணுவக் குழு வந்து பார்த்து, அதை நகர்த்துவது ஆபத்து, அங்கேயே வெடிக்கச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தது. சில நாள் திட்டமிட்டு, 26ஆம் தேதி 4,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றிவிட்டுத்தான் அதை வெடிக்கச் செய்தார்கள். அவசரமாக அழைப்பது எதற்கென்றால், அவசரப்படலாமா கூடாதா என்று முடிவு செய்யத் தெரிந்தவர் சீக்கிரம் வர வேண்டும் என்பதற்கு.

கைமாற்றம்

கடைசியாக ஒரு சொல்: ஹோட்டோ. சிங்கப்பூர் ராணுவத்தில் ஒப்படைப்பதையும் ஏற்பதையும் சேர்த்து இப்படிச் சொல்வார்கள். 24 மணி நேரம் முடிந்ததும் போனை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்ப முடியாது. புதியவர் வர வேண்டும். சார்ஜ் எவ்வளவு, சாவிகள் எத்தனை, முடியாத வேலை என்ன, யார் ஆஸ்பத்திரியில், யார் ராத்திரி திரும்ப வேண்டியவர், திரும்பினாரா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இவர் கையெழுத்துக்கும் அவர் கையெழுத்துக்கும் நடுவே ஒரு நிமிடம்கூடப் பொறுப்பு யாரிடமும் இல்லாமல் இருக்கக் கூடாது. மருத்துவமனைகளில் நர்ஸ்கள் ஷிப்ட் மாறும்போது செய்வதும் இதைத்தான். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாதென்றால் ஒரு நாற்காலிக்கு நாலைந்து பேர் சுழற்சியில் தேவை. தைப்பூசம் பார்த்து அந்தச் சுழற்சி நிற்காது.

ராத்திரி முழுக்க மணியே அடிக்காவிட்டாலும் போன் சும்மா கிடப்பதில்லை. மேலிடத்திலிருந்து சோதனை அழைப்பு வரும், இணைப்பு இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்று பார்க்க. காம்ஸ் செக் என்பார்கள். அடிக்காத போனும் செத்துப்போன போனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், இந்த அழைப்பு வந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் அத்தை மகன் வீட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. மாமா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், அவன் அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தான். அத்தை பஞ்சாமிர்தத்தைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ராத்திரி போன் அடிச்சுதா?"

"ரெண்டு தடவை. ரெண்டும் காம்ஸ் செக்."

"அப்ப ஒண்ணுமே நடக்கல."

"ஒண்ணும் நடக்கலைன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தாம்மா வந்தேன்" என்றான்.